இரண்டு வருத்தமும் உள்ளவனுக்கு எந்த ஆய்வில் இடம்?

மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் மனநல ஆய்வுகளை நடத்துகிற வைத்தியர்களுக்கும், அவற்றுக்கு அனுமதி கொடுக்கிற நெறிமுறைக் குழுக்களின் உறுப்பினர்களுக்கும்,

என் தம்பிக்கு பைபோலார் (மனம் சில காலம் பித்தாக ஏறி, சில காலம் சோர்ந்து விழும் நோய்) இருக்கிறது, அதனால் வளர்ந்தவர்களின் கவனக்குறைபாடு (ஏடிஎச்டி) பற்றிய ஆய்வில் அவனைச் சேர்க்க முடியாது என்று சொன்னீர்கள். அதற்கு முன்பு இன்னொரு ஆய்வில், கவனக்குறைபாடு என்று கிளினிக் கொப்பியில் எழுதியிருக்கிறது, அதனால் மனநிலைக் கோளாறு பற்றிய ஆய்வுக்கு அவன் சரிவரமாட்டான் என்றீர்கள். இரண்டையும் சொன்னவர்கள் வேறு வேறு ஆட்கள்தான். ஆனால் இரண்டு படிவத்திலும் அந்த நிபந்தனை ஒரே மாதிரி இருந்தது: வேறு மனநோய் உள்ளவர்கள் விலக்கப்படுவர். அவன் சம்மதப் பத்திரத்தில் கையெழுத்து வைத்த பிறகுதான் இரண்டு தடவையும் அது யாருடைய கண்ணிலாவது பட்டது.

ஆய்வில் சேர்ந்தால் அவனுக்குத் தனியாக நன்மை ஒன்றும் கிடைக்கப்போவதில்லை என்று தெரியும். ஒருநாள் கூலியை விட்டுவிட்டு வந்து, மத்தியானம் வரை கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டு, ஒரு பிஸ்கட் பக்கற்றோடு வீட்டுக்குப் போவான், அவ்வளவுதான். எனக்குக் கோபம் அதற்கில்லை. அவனைப் போன்றவர்களை வெளியே நிறுத்திவிட்டு எடுக்கிற முடிவுகளை வைத்துத்தான் நாளைக்கு அவனைப் போன்றவர்களுக்கு மருந்து எழுதப்போகிறீர்கள். நான் விஞ்ஞானம் படிப்பிக்கிற ஆசிரியை. மாதிரியில் இல்லாததைப் பற்றி முடிவு எழுதினால் தரம் 10 பிள்ளைக்கே புள்ளி குறைப்பேன்.

உங்கள் படிவம் கேட்காமல் விட்டதை இங்கே சொல்கிறேன்.

உயர்தரப் பரீட்சை எழுதிய வருடம் தம்பி படுக்கையில் விழுந்தான். சாப்பாடு இல்லை, பேச்சு இல்லை, குளிப்பு இல்லை. மனச்சோர்வு என்று சொல்லி ஃப்ளுவொக்செட்டின் கொடுத்தார்கள். எழும்பினான். எங்களுக்குச் சந்தோசம். கொஞ்ச நாளில் அந்த எழும்பல் கூடிப்போனதை வீட்டில் ஒருவரும் நோயாகப் பார்க்கவில்லை, பொடியன் கெட்டிக்காரனாகிவிட்டான் என்றுதான் நினைத்தோம். அப்புறம் மறுபடி விழுந்தான், மறுபடி அதே குளிசை. இப்படியே வருடங்கள் போயின. ஒரு வைகாசியில் கண்ணகை அம்மன் சடங்கில் உருவேறி ஆடினான். அதில் எனக்கு எந்த ஆட்சேபமும் இல்லை. எங்கள் ஊரில் ஆடுகிற எல்லோரையும் நோயாளி என்று சொல்கிற ஆள் நான் இல்லை. ஆனால் குளிர்த்திச் சடங்கு முடிந்து, கோயில் கதவடைத்து, மற்றவர்கள் எல்லாம் வீட்டுக்குப் போய்த் தூங்கி எழும்பி வேலைக்கும் போய்விட்டார்கள். இவன் மட்டும் தூங்கவில்லை. கோயிலுக்கு மண்டபம் கட்டித் தருகிறேன் என்று கடனுக்குச் சீமெந்தும் கல்லும் இறக்கிவிட்டான். அம்மாவைக் கூட்டிக்கொண்டு போய் அவர் பெயரில் நுண்கடனும் எடுத்துவிட்டான். அந்தக் கிழமைதான் பைபோலார் என்ற பெயர் எங்கள் வீட்டுக்குள் வந்தது.

உலகம் முழுக்க 9,000க்கும் அதிகமான நோயாளிகளைப் பற்றிய ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2017இல் ஒரு கணக்கு வந்தது. பைபோலார் தொடங்குவதற்கும் அதற்குரிய சிகிச்சை தொடங்குவதற்கும் இடையில் ஏறக்குறைய ஆறு வருடம் போய்விடுகிறதாம். தம்பிக்கும் கிட்டத்தட்ட அவ்வளவு போனது. ஆகவே தாமதத்துக்காக எங்கள் பக்கத்து வைத்தியர்களை மட்டும் நான் குறை சொல்லவில்லை.

மனநிலையைச் சீராக்கும் மருந்தான லித்தியம் அவனைப் பிடித்து நிறுத்தியது. அதிலும் எனக்குக் குறையில்லை. ஆனால் மனம் ஏறாமல் இறங்காமல் மாதக்கணக்கில் சீராக இருந்த காலத்திலும் அவனிடம் ஒன்று மாறவில்லை. தம்பி மேசன். சாந்தைக் குழைத்து வைத்துவிட்டு நூல் எடுக்கப் போவான். போன இடத்தில் வேறொன்றைத் தொடங்குவான். சாந்து இறுகிவிடும். அரைச்சுவர் பூசியபடி நிற்கும். அடையாள அட்டையைத் தொலைப்பான், புதிது எடுப்பான், அதையும் தொலைப்பான். கட்டாருக்குப் போனவன் வேலையில் சரியில்லை என்று ஒப்பந்தம் முடியுமுன்பே திருப்பி அனுப்பப்பட்டான். கேட்டால், “தலைக்குள்ள ஒரே நேரத்தில நாலு ரேடியோ பாடுது அக்கா” என்பான்.

இதற்கெல்லாம் ஊரிலும் கிளினிக்கிலும் கிடைத்த விளக்கம் ஒன்றுதான்: சுனாமிப் பிள்ளை. 2004 டிசம்பர் 26இல் அவனுக்கு வயது 11. பெரியகல்லாற்றில் நாங்கள் இருந்த வீடு அத்திவாரம் மட்டும் மிஞ்சிப் போனது. அதன் பாதிப்பு இல்லை என்று யார் சொன்னார்? ஆனால் எங்கள் மாவட்டத்தில் முப்பது நாற்பது வயதில் இருக்கிற எவரைப் பிடித்தாலும் சுனாமியோ யுத்தமோ இடப்பெயர்வோ ஒன்று அவர் பின்னால் நிற்கும். எல்லாவற்றுக்கும் அதையே காரணம் காட்டினால் அதற்கு முந்தியது பற்றி யாரும் கேட்கமாட்டார்கள். ஒரு வைத்தியர் கேட்டார். அம்மாவைத் தனியே இருத்தி, இவன் முதலாம் இரண்டாம் வகுப்பில் எப்படி இருந்தான் என்று ஆறுதலாக விசாரித்தார். கொப்பி, பென்சில், செருப்பு எல்லாம் தொலைத்தது, ரீச்சர் மேசைக்குப் பக்கத்தில் கதிரை போட்டு இருத்தியது, பந்தியில் சாப்பிட்டு முடிக்குமுன் எழும்பி ஓடியது, எல்லாவற்றையும் அம்மா சொன்னார். கடல் வருவதற்கு நாலைந்து வருடம் முந்திய கதை அது. மனநிலைக் கோளாறு வந்து வந்து போகும், இது சின்ன வயதிலிருந்து போகாமல் நிற்கிறது, இரண்டும் தனித்தனி என்று அவர்தான் எங்களுக்கு விளங்கப்படுத்தினார். இடமாற்றம் கிடைத்து அவர் போய்விட்டார். அவர் எழுதிய அந்த ஒற்றை வரிதான் இப்போது தம்பியை ஆய்விலிருந்து வெளியேற்றப் பயன்படுகிறது.

ஏன் விலக்குகிறீர்கள் என்று கேட்டேன். இரண்டும் கலந்திருந்தால் எதனால் எது வருகிறது என்று பிரித்தறிய முடியாது, தரவு குழம்பிவிடும் என்றார்கள். நியாயமான பதில்தான். புதிய மருந்து ஒன்றின் தனி விளைவைப் பார்ப்பதென்றால் நானும் அப்படித்தான் செய்வேன். ஆனால் இந்த மாவட்டத்து நோயாளிகள் எப்படி இருக்கிறார்கள் என்று பார்க்கத்தானே இந்த ஆய்வுகள்? 2021இல் வெளியான தொகுப்பாய்வு ஒன்று, பைபோலார் உள்ள வளர்ந்தவர்களில் ஏறக்குறைய ஆறில் ஒருவருக்குக் கவனக்குறைபாடும் இருக்கிறது என்று சொல்கிறது. மறுபக்கம் பார்த்தால், கவனக்குறைபாடு உள்ள வளர்ந்தவர்களில் பதின்மூன்றில் ஒருவருக்கு பைபோலாரும் இருக்கிறது. அவை வெளிநாட்டுக் கணக்குகள். இங்கே கூடவும் இருக்கலாம், குறையவும் இருக்கலாம். வாசலிலேயே திருப்பி அனுப்பினால் அது எப்போது தெரியவரும்?

சுவீடனில் திருப்பி அனுப்பவில்லை. பைபோலாரும் இருந்து, கவனக்குறைபாட்டுக்காக மீதைல்பெனிடேட் என்ற ஊக்கி மருந்தும் தொடங்கிய 2,307 பேரின் பதிவுகளை எடுத்துப் பார்த்து 2017இல் வெளியிட்டார்கள். மனநிலையைச் சீராக்கும் மருந்து இல்லாமல் அதைத் தொடங்கியவர்களுக்கு முதல் மூன்று மாதத்தில் பித்து எழுச்சி வரும் ஆபத்து ஆறு மடங்குக்கும் மேலே போனது. லித்தியம் போன்ற மருந்து கூடவே எடுத்தவர்களிடம் அந்த ஆபத்து கூடவில்லை. எங்களைப் போன்ற குடும்பத்துக்கு இதைவிடத் தேவையான தகவல் இருக்க முடியுமா? தரவு குழம்பும் என்று அந்த 2,307 பேரையும் தள்ளிவைத்திருந்தால் இந்தத் தகவலே பிறந்திருக்காது.

இந்த மருந்தைத் தொடுவதற்கே இங்குள்ள வைத்தியர்கள் தயங்குவது எனக்கு விளங்குகிறது. ஐஸ் போதைப்பொருள் பிடிபட்ட செய்தி இல்லாத கிழமை இப்போது இல்லை. ஊக்கி மருந்து என்றதும் பெற்றோருக்கும் நெஞ்சு திக்கென்கிறது. என் அம்மாவே வேண்டாம் என்றுதான் சொல்வார். சரி, கொடுக்காமலே இருங்கள். ஆனால் யாருக்குக் கொடுக்கலாம், யாருக்குக் கூடாது என்பதையாவது தெரிந்துகொண்டு கொடுக்காமல் இருங்கள்.

சுவீடனால் எங்களுக்குச் சொல்ல முடியாத ஒன்றும் இருக்கிறது. இதை நீங்கள் கொஞ்சம் நின்று வாசிக்க வேண்டும்.

கச்சான் என்கிற வறண்ட வெப்பக் காற்று வீசத் தொடங்கினால் எங்கள் பக்கம் எப்படிக் காயும் என்று உங்களுக்குத் தெரியும். அந்த வெயிலில் சாரக்கட்டில் நின்று சுவர் பூசுகிறவனின் உடம்பில் தண்ணீரும் உப்பும் குறையக் குறைய, சிறுநீரகம் லித்தியத்தை வெளியே விடாமல் பிடித்துவைத்துக்கொள்ளும். நீண்ட காலப் பாவனைக்கு இரத்தத்தில் லீற்றருக்கு 0.6 முதல் 0.8 மில்லிமோல் வரை வைத்திருக்கப் பார்க்கிறார்கள். 1.5ஐத் தாண்டினால் நஞ்சாகத் தொடங்கும். இடையில் இருக்கிற தூரம் அவ்வளவுதான். முதுகு நோகிறது என்று பார்மசியில் டைக்குளோபெனக் வாங்கிப் போட்டால் அதுவும் அளவை ஏற்றும். மேசனுக்கு முதுகு நோகாத நாள் எது?

இதற்கு மேல் தம்பிக்குக் கவனக்குறைபாடும் இருக்கிறது. குளிசையைப் போட்டேனா இல்லையா என்று அவனுக்கு நினைவில் நிற்காது. போடாமல் விடுவான், சந்தேகத்தில் இரண்டாம் தரமும் போடுவான். ஒரு கச்சான் காலத்தில் கை நடுங்கி, வாந்தி எடுத்து, கால் தடுமாறி வேலைத்தளத்தில் விழுந்தான். குடித்துவிட்டு வந்திருக்கிறான் என்று கொந்தராத்துக்காரர் வீட்டுக்கு அனுப்பிவிட்டார். இரத்தத்தில் லித்தியத்தைப் பார்த்த பிறகுதான் சேலைன் ஏற்றினார்கள், உயிர் தப்பினான். அன்றிலிருந்து அம்மா குளிசையை எண்ணி நாள்வாரியாகச் சின்னப் போத்தல்களில் போட்டு வைக்கிறார். அம்மாவுக்குப் பிறகு யார் எண்ணுவது?

பைபோலார் உள்ளவர்களை மட்டும் எடுக்கிற ஆய்வுக்கு இந்த ஆபத்து முழுதாகத் தெரியப்போவதில்லை. கவனக்குறைபாடு உள்ளவர்களை மட்டும் எடுக்கிற ஆய்வில் லித்தியத்துக்கே வேலையில்லை. இரண்டும் சேர்ந்து, வெயிலில் உடலால் உழைக்கிற ஒருவனைப் பார்த்தால்தான் இது தெரியும். வயல் வெட்டுகிறவன், வாவியில் வலை போடுகிறவன், செங்கல் சூளையில் நிற்கிறவன் என்று இங்கே எத்தனையோ பேர் இருக்கிறார்கள். ஸ்ரொக்ஹோமில் உட்கார்ந்து அந்த ஆய்வைச் செய்ய முடியாது. நீங்கள் செய்யலாம்.

பெரிய நிலையம் வேண்டும், பெரிய நிதி வேண்டும் என்று சொல்லாதீர்கள். லித்தியத்தின் கதையே அவுஸ்திரேலியாவில் ஒரு சாதாரண ஆஸ்பத்திரியில்தான் தொடங்கியது. அங்கே வைத்தியராக இருந்த ஜோன் கேட் 1949இல் எழுதிய கட்டுரையில் பித்து நோயாளிகள் 10 பேர்தான் இருந்தார்கள். நம் நாட்டிலும் உதாரணம் இருக்கிறது. 1995 அளவில் ஒரு இலட்சம் பேருக்கு ஏறக்குறைய 47 பேர் தற்கொலையால் இறந்துகொண்டிருந்தார்கள். எந்த நஞ்சு அதிகம் கொல்கிறது என்று பார்த்து 1995இலும் 1998இலும் கொடிய பூச்சிமருந்துகளைத் தடை செய்தார்கள். பத்து வருடத்தில் அந்த வீதம் பாதியானது. வார்ட்டுக்கு வந்தவர்களை ஒழுங்காக எண்ணி எழுதியது இந்த நாட்டில் உயிர் காத்திருக்கிறது.

கேள்விக்கொத்து பற்றியும் சொல்ல வேண்டும். கவனக்குறைபாட்டுக்குப் பாவிக்கிற, உலக சுகாதார நிறுவனத்தின் அந்த 18 கேள்விகளில் ஒன்று, கூட்டங்களிலோ உட்கார்ந்திருக்க வேண்டிய வேறு இடங்களிலோ இருக்கையை விட்டு எழும்பிப் போவீர்களா என்று கேட்கிறது. தம்பி அப்படிப்பட்ட இடங்களுக்குப் போனால்தானே எழும்புவதற்கு? ஒருபோதும் இல்லை என்று எழுதினான். அது உண்மையான பதில், ஆனால் அதில் அவனுடைய நோய் தெரியாது. சாந்து எத்தனை தடவை இறுகியது என்று கேட்டிருக்கலாம். பெண்களிடம் கேட்பதென்றால் அடுப்பில் பால் பொங்கியது, சீட்டுக்காசு கட்டும் நாளை விட்டது, பிள்ளையின் தடுப்பூசித் திகதியை மறந்தது என்று நூறு இருக்கிறது. ஏன் பெண்களைச் சொல்கிறேன் என்றால், என்னோடு கிளினிக் வாங்கில் காத்திருக்கிற பெண்களில் இந்த வருத்தத்துக்காக யாராவது விசாரிக்கப்பட்டதாக நான் கேள்விப்படவில்லை. அவர்களை “யோசனைக்காரி” என்று சொல்லி விட்டுவிடுகிறார்கள்.

பிறகு அந்தத் தேர்ச்சி அறிக்கை. 12 வயதுக்கு முன்பே அறிகுறி இருந்ததற்கு ஆதாரமாகப் பாடசாலைத் தேர்ச்சி அறிக்கை கொண்டுவரச் சொன்னீர்கள். அந்த வயதெல்லை 2013இல் வந்த டிஎஸ்எம்-5 என்ற அமெரிக்க மனநோய் வரையறைக் கையேட்டில் இருக்கிறது, அதற்கு முன்பு 7 வயதாக இருந்தது, எல்லாம் சரி. அறிகுறி இருந்ததற்குத்தான் அது சான்று கேட்கிறது, அந்தக் கடதாசியைக் கேட்கவில்லை. எங்கள் தேர்ச்சி அறிக்கைகளைக் கடல் கொண்டுபோனது. வாவிக்கு மேற்கே படுவான்கரையில் 2007இல் யுத்தத்தால் இடம்பெயர்ந்து திரும்பி வந்தவர்கள் கூரைத் தகட்டையே காணவில்லை. அவர்களிடமும் போய் இதைக் கேட்பீர்களா?

நெறிமுறைக் குழுவினரே, உங்களிடம் தனியாக ஒன்று. மனிதரை வைத்துச் செய்யும் மருத்துவ ஆய்வுகளுக்கு உலக மருத்துவச் சங்கம் வகுத்த ஹெல்சிங்கிப் பிரகடனத்தின் 2013 திருத்தத்திலேயே இரண்டு விடயம் சொல்லப்பட்டது. ஆய்வுகளில் போதிய இடம் கிடைக்காத குழுக்களுக்குப் பங்கேற்கத் தகுந்த வாய்ப்புக் கொடுக்க வேண்டும் என்பது ஒன்று. பங்குபற்றியவர்கள் விரும்பினால் ஆய்வின் பொதுவான முடிவை அறிந்துகொள்ள வழி வேண்டும் என்பது மற்றது. சுனாமிக்குப் பிறகு எங்கள் தற்காலிக முகாமில் வந்து எழுதிக்கொண்டு போகாத ஆள் இல்லை. என்ன கண்டுபிடித்தோம் என்று சொல்ல ஒருவரும் திரும்பி வரவில்லை. அது பழைய கதை. இப்போது உங்கள் மேசைக்கு வருகிற விண்ணப்பங்களை நீங்கள் இந்த இரண்டையும் வைத்துப் பாருங்கள்.

நான் கேட்பவை இவை.

வேறு மனநோய் உள்ளவர்கள் விலக்கப்படுவர் என்ற நிபந்தனையைப் பழக்கத்துக்காக எந்த ஆய்விலும் சேர்க்காதீர்கள். விலக்கத்தான் வேண்டும் என்றால் விஞ்ஞானக் காரணத்தை விண்ணப்பத்தில் எழுதச் சொல்லுங்கள், எழுதாவிட்டால் திருப்பி அனுப்புங்கள். விலக்கப்பட்டவர்களின் எண்ணிக்கையும் காரணமும் அறிக்கையில் வர வேண்டும். எத்தனை பேரைத் தள்ளினோம் என்ற கணக்கு மட்டும் கிடைத்தாலே, இரண்டு வருத்தமும் உள்ளவர்கள் எங்கள் பக்கம் எவ்வளவு என்பதற்கு முதல் தடயம் அதுதான்.

பைபோலார் கிளினிக்குக்கு வருகிறவர்களிடம் சின்ன வயதுக் கவனம் பற்றியும், கவனக்குறைபாடு என்று வருகிறவர்களிடம் மனநிலை ஏற்ற இறக்கம் பற்றியும் கட்டாயம் கேளுங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் அந்தக் கேள்விக்கொத்தில் முதல் ஆறு கேள்வியும் போதும் தொடங்குவதற்கு. உதாரணங்களை இங்குள்ள தொழில்களிலிருந்து எடுத்து, கிளினிக்கில் பரீட்சித்துப் பார்த்த பிறகு பாவியுங்கள்.

தேர்ச்சி அறிக்கை இல்லாதவர்களுக்குத் தாய், மூத்த சகோதரம், படிப்பித்த ஆசிரியர் ஆகியோரின் வாய்மொழியைச் சான்றாக ஏற்றுக்கொள்ளுங்கள்.

கச்சான் மாதங்களிலும் மாரியிலும் லித்தியம் எடுக்கிற உடலுழைப்பாளர்களின் இரத்த அளவை ஒப்பிட்டு ஒரு ஆய்வு தொடங்குங்கள். எப்படியும் கிளினிக்கில் எடுக்கிற இரத்தம்தானே? வேலை என்ன, வெயிலில் எத்தனை மணித்தியாலம், நோவுக்கு என்ன குளிசை போட்டார் என்ற மூன்று கேள்வியைக் கூடச் சேர்த்தால் போதும். ஆய்வு முடியும் வரை காத்திருக்காமல், லித்தியம் எடுப்பவர்கள் வெயில் காலத்தில் என்ன செய்ய வேண்டும், எந்த நோவு மாத்திரை போடக்கூடாது என்று தமிழில் ஒரு துண்டு அச்சடித்துக் கிளினிக் கொப்பியில் ஒட்டிவிடுங்கள். இதற்கு எந்தக் குழுவின் அனுமதியும் தேவையில்லை.

நேர்காணல்களை ஞாயிற்றுக்கிழமையிலும் வையுங்கள், அல்லது அன்றைய கூலியைக் கொடுங்கள். முடிவுகளைக் கிளினிக்கில் எங்களுக்கு முன்னால் வந்து சொல்லுங்கள். உங்கள் குழுக்களில் நோயாளிகளின் குடும்பத்திலிருந்து ஒருவரையாவது சேருங்கள். அடுத்த முறை விண்ணப்பங்களைப் பார்க்க உட்காருவதற்கு முன்பே அதைச் செய்ய முடியும்.

தம்பி கையெழுத்து வைத்த இரண்டு சம்மதப் பத்திரமும் உங்களிடம்தான் இருக்கின்றன, தொலைபேசி இலக்கமும் அதில் இருக்கிறது. அவனை மீண்டும் கூப்பிடுவீர்களா மாட்டீர்களா என்பதற்கு எழுத்தில் பதில் வேண்டும். கூப்பிட்டால் அம்மாவும் வருவார், அவன் முதலாம் வகுப்பில் எப்படி இருந்தான் என்று நீங்கள் நேரிலேயே கேட்டு எழுதிக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
களுவாஞ்சிகுடிப் பக்கத்திலிருந்து ஓர் அக்கா